காதில் பஞ்சு வைத்துக் கயிறு பிடித்த கதை

எங்கள் மன்ற மண்டபத்தில், மேடைக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. "இங்கே விசில் அடிக்கக் கூடாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் அதில் எழுதியிருக்கும். எழுதியவன் நான். ஆணி அடித்தவனும் நான்.

போன மாதம் மன்றத்தின் புதுச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "ஐயா, அந்தப் பலகையைக் கழட்டப்போறம். இந்தக் காலத்திலயும் சகுனம் பார்த்துக்கொண்டிருக்க ஏலாதுதானே?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை எறிந்திருப்பேன். அது என் மனைவி பூமணி சீதனமாகக் கொண்டுவந்த கோப்பை. அதனால் அவர் தப்பினார்.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். பல வருடமாக நின்றுபோயிருந்த நத்தார்க் கூத்தை, கிறிஸ்மஸ் நாடகத்தை, இந்த வருடம் திரும்பப் போடப் போகிறார்களாம். அதில் நிலாப்பிள்ளையாக வரும் சின்னப்பிள்ளையைக் கயிற்றில் மேலே தூக்க மோட்டர் வாங்கிவிட்டார்களாம். சுவிச்சை அமத்தினால் தூக்குமாம், இன்னொன்றை அமத்தினால் இறக்குமாம். அதற்கு ஒரு மலர் வெளியிடுகிறார்கள், பழைய கதையை நான் எழுதித் தர வேண்டும் என்றார். மோட்டரைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. வரட்டும். பலகையைக் கழட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்த வருடம் நான் திருகோணமலைக் கடற்படைத் தளத்து டொக்யாட்டில் சேர்ந்தேன். ரிக்கிங் பகுதி. கயிறும் கப்பியும்தான் வேலை. முதல் நாலைந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கயிறு பிரித்தேன், கயிறு பின்னினேன், கைத்தோல் உரிந்தது, திரும்ப வளர்ந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பாரம் தூக்கும் வேலையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கடற்காற்றில் மனிதக் குரல் எடுபடாது. எல்லாம் விசில்தான். ஒரு விசில் என்றால் தூக்கு. இரண்டு விசில் என்றால் இறக்கு. நீள விசில் என்றால் அப்படியே நிற்பாட்டு. சத்தம் காதில் விழுந்து, மண்டைக்குப் போய், யோசித்துக் கைக்கு வருவதற்கு அங்கே நேரமில்லை. காதிலிருந்து நேரே கைக்கு வர வேண்டும். எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். என் கல்யாணத்தில் யாரோ ஒருவன் சந்தோஷத்தில் நீளமாக விசில் அடிக்க, நான் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் என்று பூமணி இன்றைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பொய். கொஞ்ச நேரம்தான் நின்றேன்.

நத்தார்க் கூத்து என்பது நாங்கள் வைத்த பெயர். வெள்ளைக்காரர் அதைப் பன்ரமைம் என்பார்கள். தளம் அவர்கள் கையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நத்தாருக்கும் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளுக்காகப் போடுவார்கள். பெயரைக் கேட்டு ஊமைக்கூத்து என்று நினைக்க வேண்டாம். அதைப்போலச் சத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. பாட்டு, ஆட்டம், பகிடி, பெண் வேஷம் கட்டிய மீசைக்காரன், இரண்டு பேர் உள்ளே புகுந்த ஒரு மிருகம், எல்லாம் இருக்கும். சனமும் சும்மா இருக்கக் கூடாது. கள்ளன் பின்னால் வந்தால், "பின்னாலை! பின்னாலை!" என்று பிள்ளைகள் கத்த வேண்டும். அதுதான் முறை. நாங்கள் மேடைக்குப் பின்னால் நின்று திரைக்கும் பறக்கிற வேஷங்களுக்கும் கயிறு பிடித்தோம்.

அவர்கள் தளத்தை விட்டுப் போனபோது மண்டபம் மிஞ்சியது. திரைச்சீலை மிஞ்சியது. உத்தரத்தில் தொங்கிய கப்பிகளும் மிஞ்சின. எலிசா மிஸ்ஸும் மிஞ்சினா.

எலிசா மிஸ் டொக்யாட்டின் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவ. பறங்கியர், ஐரோப்பியக் கலப்புக் குடும்பம். தாயோடு வீட்டில் போர்த்துக்கேயம், துரைமாரோடு இங்கிலீஷ், எங்களோடு திருகோணமலைத் தமிழ். ஒல்லியான மனுஷி, எப்போதும் வெள்ளைச் சட்டை, காதோரம் ஒரு பென்சில். வெள்ளைக்காரர் போய் ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, "இனி எங்கட பிள்ளையளுக்கு நாங்க போடுவம்" என்றா. அவ்வளவுதான் பேச்சு. கதையையும் அவவே எழுதினா. நிலாவில் இருந்து ஒரு சின்னப்பிள்ளை தவறிக் கீழே வருகிறது, ஒரு மீன்பிடி வள்ளத்தில் இறங்குகிறது, ஒரு எருமை அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்விடப் பார்க்கிறது. எருமை எப்படி நிலாவுக்குப் போகும் என்று நான் கேட்டேன். "அதைத்தான் பிள்ளையளும் கேக்க வேணும். கேட்டாத்தான் கத்துவினம்" என்றா.

மிஸ் வேலை செய்யும் விதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒத்திகையில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு இலக்கம். திரை திறப்பது ஒன்று, எருமை வருவது ஏழு, நிலாப்பிள்ளை இறங்குவது பதினொன்று. பெரிய கொப்பியில் எழுதி வைத்திருப்பா. எக்ஸ்சேஞ்சில் பழகிய மாதிரியே, "தங்கராசா, பதினொன்று வரப்போகுது. லைனில இருங்கோ" என்பா. நான் "இருக்கிறன் மிஸ்" என்று சொன்னால்தான் அடுத்த சொல் வரும். நான் சொல்லாவிட்டால் ஒத்திகை நின்றபடி நிற்கும். யாருக்காவது பிழை வந்தால் கொப்பியில் நேரத்தோடு குறிப்பா, முகத்தைப் பார்க்க மாட்டா. கோபம் வந்தால் மரியாதை கூடும். "மிஸ்டர் தங்கராசா, தயவு செய்து இதில கொஞ்சம் இருக்கிறீங்களா?" என்று சொன்னால் பெரிய பிழை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். எருமை வேஷத்துக்குள் புகுந்த இரண்டு பேரும் உள்ளே இருந்துகொண்டு சண்டை பிடிப்பார்கள். முன்னங்கால் தீயணைப்புப் பகுதிச் சிவலிங்கம், பின்னங்கால் ஸ்டோர்ஸ் பியதாச. ஒருவன் தமிழில் ஏசுவான், மற்றவன் சிங்களத்தில். மிஸ் எருமையின் முதுகில் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டுவா. உள்ளே கப்சிப் ஆகிவிடும்.

கயிற்றுக்கு நானும் ஹனிபா நானாவும். அவர் கிண்ணியாக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூப்பு, அதனால்தான் நானா, என்னோடு ஒரே பகுதியில் வேலை. பாலம் இல்லாத காலம். கடைசிப் படகை விட்டால் அவர் வீட்டுக்குப் போக ஏலாது. அதற்காகவே ஒத்திகையைப் பின்னேரத்தில் முடித்துவிடுவோம். இந்த ஹனிபா நானாதான், நிலாப்பிள்ளைக்கு யாரைப் போடலாம் என்று மிஸ் யோசித்தபோது, "வேற எங்க தேடுறீங்க மிஸ்? தங்கராசாட மகள் வசந்தி இருக்காதானே. அப்பன் பிடிக்கிற கயித்தில மகள் தொங்கினா அதைவிடப் பத்திரம் என்ன?" என்றார்.

வசந்திக்கு அப்போது ஒன்பது வயது. துள்ளிக்கொண்டு ஓம் என்றாள். பூமணி ஓம் என்று சொல்ல ஒரு கிழமை எடுத்தது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். மிஸ் முதலில் கேட்டது சைகைக்கு ஒரு சின்ன லைற். பச்சை எரிந்தால் தூக்கு, சிவப்பு எரிந்தால் இறக்கு. நான்தான் மறுத்தேன். "மிஸ், கயிறு பிடிக்கிறவன்ர கண் பாரத்தில இருக்க வேணும், லைற்றில இல்லை. எங்கட கை விசிலுக்குத்தான் கேக்கும். பதினைஞ்சு வருஷப் பழக்கம்" என்று பெருமையாகச் சொன்னேன். மிஸ் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தா. "சனத்துக்கும் கேக்குமே?" என்றா. "கேட்டா என்ன, கதையில வள்ளம் வருதுதானே" என்றேன். "சரி. கயிறு உங்கட பகுதி" என்றா. தன் பகுதி எது, மற்றவன் பகுதி எது என்று அவவுக்குத் தெளிவாகத் தெரியும். ஒத்திகை முழுக்க மிஸ் ஊதிய விசிலிலேயே நடந்தது. ஒரு தரமும் பிசகவில்லை. மண்டபம் வெறுமையாக இருந்தது என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெளியே மாரி மழை. நிலாவெளியில் இருந்தும் கப்பல்துறையில் இருந்தும் குடும்பம் குடும்பமாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் ஈரக்குடை வாசம். முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் தாய்மார், அதற்கும் பின்னால் சுவரோடு டொக்யாட் பெடியள். பூமணி மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் கன்வசில் தைத்த பட்டியை வசந்திக்கு இடுப்பிலும் தோளிலும் கட்டினேன். ஒவ்வொரு கொளுக்கியையும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். மேலே தூக்கி, கடதாசி மேகத்துக்குப் பின்னால் நிறுத்தினோம். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள், அதற்கும் மேலே அவளுடைய வெள்ளைச் சப்பாத்து. நான் நிமிர்ந்து பார்த்தேன். கை காட்டினாள்.

ஏழாம் இலக்கம். எருமை வந்தது. பின்னங்கால் குந்த, முன்னங்கால் நிற்க, நடுவில் துணி இழுபட்டு எருமையின் வால் பிய்ந்து பியதாசவின் கையோடு வந்தது. அது நாடகத்தில் இல்லாத பகிடி. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சுவரோடு நின்ற பெடியளில் ஒருவன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான்.

இரண்டு விசில்.

அவர்களும் எங்கள் டொக்யாட் ஆட்கள். வேறு மாதிரி விசில் அடிக்க அவர்களுக்குத் தெரியாது. ஹனிபா நானாவின் கை விட்டது, என் கையும் விட்டது. நிலாப்பிள்ளை மேகத்தைக் கிழித்துக்கொண்டு கீழே வந்தாள். சனத்துக்கு அது இன்னும் பெரிய பகிடி. ஒரு விசில். நாங்கள் தூக்கினோம். இரண்டு விசில். இறக்கினோம். ஐயோ, என் கண் பார்க்கிறது, மனம் வேண்டாம் என்கிறது, கை கேட்கவில்லை. விசிலுக்குப் பிள்ளை ஆடுகிறாள் என்று கண்டவுடன் முன்வரிசைப் பிள்ளைகளும் விசில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வசந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது. கடைசியில் எவனோ நீளமாக ஒன்று அடித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெட்டிப் பிடித்தோம். மேலே "டக்" என்று ஒரு சத்தம்.

மழைக்கு மணிலாக் கயிறு ஊதியிருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அந்த வெட்டில் கயிறு கப்பிச் சக்கரத்தை விட்டுத் துள்ளி, சக்கரத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் இறுகிவிட்டது. தூக்கவும் ஏலாது, இறக்கவும் ஏலாது. நடு மேடையில் ஏணியைச் சாத்துவதற்கும் ஒன்றும் இல்லை. என் பிள்ளை அந்தரத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தாள்.

"திரையை மூடுங்கோ!" என்று நான் கத்தப் போனேன். எலிசா மிஸ்ஸின் கை என் வாய்க்கு முன்னால் வந்து நின்றது.

"மூடினா அவ பயந்திடுவா. இப்ப வரைக்கும் இது விளையாட்டு. கயிறு அறுமா?"

"அறாது மிஸ்."

"என்ன செய்ய வேணும்?"

"நான் உத்தரத்தில ஏற வேணும். இன்னொரு கப்பியைக் கட்டி அவட பாரத்தை அதுக்கு மாத்திப்போட்டு, இறுகினதைத் தட்டி விட வேணும். ஆனா ஒரு விசில் வந்தாலும்..." என்று ஹனிபா நானாவைப் பார்த்தேன். கயிற்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் அதற்குத்தான் பயந்தார்.

"விசில் வராது. ஏறுங்கோ" என்றா மிஸ்.

எருமையின் பக்கம் திரும்பி, "போய்ப் பிள்ளைக்குக் கீழ நில்லுங்கோ. விழுந்தா ஏந்த வேணும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு, காதில் பென்சிலோடு, மேடைக்கு நடுவில் போய் நின்றா. அதுவரை அவ சனத்துக்கு முன்னால் வந்ததே இல்லை. சத்தம் போடவில்லை. எக்ஸ்சேஞ்சில் தூரத்து ஆளோடு பேசுகிற அதே குரல்தான்.

"நிலாப்பிள்ளைக்கு நித்திரை வருது. விசில் அடிச்சா திடுக்கிட்டு முழிச்சிடுவா. தாய்மார் இருக்கிறியள்தானே. ஒரு தாலாட்டுப் பாடுங்கோ பார்ப்பம்."

மண்டபம் அடங்கிவிட்டது. பகிடியா, உண்மையா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் பக்கச் சுவரில் ஏணி வைத்து ஏறி, உத்தரத்தில் காலைப் போட்டு, இடுப்பில் சின்னக் கப்பியோடு ஊர்ந்துகொண்டிருந்தேன். அப்போது மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு குரல் தொடங்கியது.

பூமணியின் குரல். வசந்தியைத் தொட்டிலில் ஆட்டிய அதே மெட்டு. குரல் முதலில் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் சேர்ந்தார்கள். பின்வரிசை சேர்ந்தது. சொல் தெரியாதவர்கள் "ம்ம்" என்று முனகினார்கள். சுவரோடு நின்ற அந்தக் கழுதைகளும் முனகின. மழைச் சத்தத்துக்கு மேலால் ஒரு மண்டபமே என் பிள்ளையைத் தாலாட்டியது. நான் அழுதுகொண்டே வேலை செய்தேன். கண்ணீரைத் துடைக்க ஒரு கை மிச்சமில்லை.

செய்த வேலையைச் சொல்கிறேன். பிற்காலத்தில் யாருக்காவது உதவும். சின்னக் கப்பியின் மேல்பக்கத்தை உத்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். இறுகிய கப்பிக்குக் கீழே, வசந்தியின் கயிற்றில், இழுக்க இழுக்க இறுகும் முடிச்சைப் போட்டுக் கீழ்ப்பக்கத்தை அதில் கொளுவினேன். பிடிகயிற்றை ஹனிபா நானாவுக்கு எறிந்தேன். கையால் சைகை காட்டினேன். அவர் அங்குலம் அங்குலமாக இழுத்தார். பெரிய கயிறு தளர்ந்தது. கயிறு பிரிக்கிற இரும்பு முள்ளைப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் கயிறு சக்கரத்தில் வந்து இருந்தது. பாரத்தைத் திரும்பவும் பெரிய கயிற்றுக்கு மாற்றிவிட்டுத்தான் முடிச்சை அவிழ்த்தேன். இவ்வளவு நேரமும் மிஸ் மேடையில் நின்றபடியே, மேலே பார்த்து, "லைனில இருங்கோ மகள், லைனில இருங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தா. வசந்தியும் "இருக்கிறன் மிஸ்" என்றாள். என்னிடம் கேட்டுப் பழகிய பதில்.

ஹனிபா நானா இறக்கினார். எருமையின் முதுகில் கால் பட்டது. சனம் எழும்பிக் கைதட்டியது. நாடகம் மிச்சமும் நடந்து முடிந்தது. அது நாடகத்தின் பகுதி என்றே நம்பிக்கொண்டு பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள்.

நான் உத்தரத்தில் இருந்து இறங்கி ஓடி வந்து வசந்தியைத் தூக்கக் கை நீட்டினேன். அவள் எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். டொக்யாட்டில் எனக்குக் கால் நசுங்கியிருக்கிறது, விரல் பிளந்திருக்கிறது. இந்த நோவுக்கு அவை ஒன்றும் கிட்ட வராது.

ஆட்டம் முடிந்தபின் மிஸ் கூப்பிட்டா. "தங்கராசா, வாங்கோ." மிஸ்டரும் இல்லை, தயவு செய்தும் இல்லை. கோபமில்லை என்று விளங்கியது. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் இனிக் கயித்தைத் தொடமாட்டன் மிஸ்" என்றேன். "நாளைக்கு வேற ஆளைப் போடுங்கோ. பிள்ளையும் வேண்டாம்."

மிஸ் கொப்பியைத் திறந்து எனக்குக் காட்டினா. அன்றைய நேரத்தைப் போட்டு, 'சைகைக்கு விசில் வைத்தது பிழை. சம்மதித்தது எலிசா' என்று எழுதியிருந்தா. என் பெயர் அதில் இல்லை.

"நான்தானே மிஸ் பிடிவாதம் பிடிச்சனான்."

"ஓம். நான்தானே விட்டனான். அது முடிஞ்ச கதை. நாளைக்கு நீங்க பிடிக்காட்டி, அவ வாழ்நாள் முழுக்க நினைக்கப்போறது அப்பா விட்டவர் எண்டு மட்டும்தான். அப்பா பிடிச்சவர் எண்டு நினைக்க அவவுக்கு ஒரு நாளாவது குடுக்க வேண்டாமோ?"

அப்போது பூமணி பின்கதவால் வந்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மிஸ், இவர்ர கையில பிழையில்லை. காதிலதான் பிழை" என்றாள். "நாளைக்குக் காதுக்குள்ள நான் பஞ்சு அடைக்கிறன். ஹனிபா நானாக்கும் அடைக்கிறன். விசில், லைற், ஒரு கோதாரியும் வேண்டாம். நீங்க இவருக்குப் பின்னால நிண்டு தோளில கையை வையுங்கோ. ஒருக்கா அமத்தினா தூக்கட்டும். ரெண்டு தரம் அமத்தினா இறக்கட்டும். நானாவுக்கு இவர்ர இழுவை கயித்திலயே தெரியும்."

ஹனிபா நானா அந்த நிலைமையிலும் விடவில்லை. "பாரன் தங்கராசா, வேற பொம்பிளைக்குத் தோளைக் குடுக்கச் சொல்லி உன்ர பெண்டாட்டியே சொல்றா!" என்றார்.

"நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதான் இருப்பன்" என்றாள் பூமணி.

அடுத்த நாள் பின்னேர ஆட்டத்துக்கு மிஸ் இன்னொன்றும் செய்தா. விபத்தில் வந்த அந்தத் தாலாட்டை நாடகத்திலேயே சேர்த்துவிட்டா. எருமை பகிடி முடிந்ததும் சனம் தாலாட்டு முனக வேண்டும். மேகத்தில் இருந்தபடி வசந்தி அந்த மெட்டில் நாலு வரி பாட வேண்டும். வரிகளைக் காலையில் எழுதி மத்தியானம் பாடமாக்கிக் கொடுத்தா. பாட்டு முடிந்ததும் பதினொன்றாம் இலக்கம்.

பட்டியைக் கட்டும்போது வசந்தி என் இரண்டு கையையும் பிடித்து விரித்துப் பார்த்தாள். "இண்டைக்கு விடமாட்டீங்கள்தானே?" என்றாள்.

"விடமாட்டன் மகள்."

"காதில பஞ்சு இருக்கோ?"

"இப்ப அம்மா அடைப்பா."

"நல்லா அடைக்கச் சொல்லுங்கோ. பாட்டுக் கேட்டாலும் கயிறு ஆடும்."

பூமணி அடைத்தாள். உலகம் நின்றுவிட்டது. மழை இல்லை, சனம் இல்லை. வாய்கள் அசைந்தன, அவ்வளவுதான். என் இடது தோளில் எலிசா மிஸ்ஸின் கை. ஒருக்கா அமத்தினா, தூக்கினோம். சப்பாத்து மேகத்துக்குள் போனது. பிறகு நீண்ட நேரம் அந்தக் கை அசையாமல் இருந்தது. கயிற்றில் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும் என் விரலுக்கு வந்தது. பிள்ளை பாடுகிறாள் என்று அதில்தான் தெரிந்தது. இரண்டு தரம் அமத்தினா. இறக்கினோம். வள்ளத்துக்குள் அவளுடைய கால் சத்தமில்லாமல் வந்து இருந்தது. திரை மூடியதும் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏதோ சொன்னாள். பஞ்சு எடுக்க மறந்துவிட்டேன், என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அந்தப் பலகையை அடுத்த திங்கட்கிழமை அடித்தேன்.

பிறகு வந்த ஒவ்வொரு நத்தாருக்கும் அதே முறைதான். வசந்தி வளர்ந்து பாரமானதும் வேறு பிள்ளைகள் தொங்கினார்கள். பாட்டு மட்டும் அவளுடையதாகவே இருந்தது. மேடைக் கரையில் நின்று பாடுவாள். நான் பஞ்சோடு கயிறு பிடிப்பேன். ஒத்திகையிலும் பஞ்சுதான். வீட்டில் முணுமுணுப்பாள், நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள். "பஞ்சு வைச்சுக்கொண்டு வாங்கோ அப்பா" என்று கேலி. பகிடியாகச் சொன்னாலும் அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. நான் கேட்டால் கயிறு ஆடும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது, பெரிய பிள்ளையாகியும் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கேட்ட என் மகளின் பாட்டு எனக்கு மட்டும் தோளில் இரண்டு அமத்தலுக்கு நடுவில் இருந்த நேரம்தான்.

எலிசா மிஸ் தாய் செத்தபிறகு அவுஸ்திரேலியாவில் இருந்த தம்பியிடம் போனா. ரயிலேற்றிவிட ஸ்டேசனுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சிவலிங்கமும் பியதாசவும் எருமைத் தலையைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு முன்னால் பிடித்தார்கள். மிஸ் சிரித்தா, பிறகு கண்ணைத் துடைத்தா. நான் ஜன்னலோரம் நின்றேன். "வசந்தியின்ர பாட்டு நீங்க ஒருநாளும் கேக்கேல்லை என்ன?" என்றா. "நான் ஒவ்வொரு முறையும் கேட்டனான். கெதியா இறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கடைசி வரி முடிஞ்சு கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அமத்துவன்."

அப்போது கார்ட் விசில் அடித்தார். ஒரு விசில். என் கை தன்பாட்டில் மடங்கி மேலே எழும்பியது. மிஸ் அதைப் பார்த்தா. ஜன்னலால் கையை நீட்டி என் இடது தோளில் ஒருக்கா அமத்தினா. ரயில் வெளிக்கிட்டது.

மிஸ் போனபின் ஒன்றிரண்டு வருடம் போட்டோம். பிறகு ஹனிபா நானாவுக்கு முட்டிவாதம், எனக்கு ஓய்வு, கூத்தும் நின்றுபோனது.

செயலாளர் தம்பி, உங்கள் மோட்டருக்கு விசில் கேட்காது. ஆனால் சுவிச்சை அமத்துகிறவனுக்குக் காது இருக்கும். ஆகவே பலகை இருக்கட்டும். அவனுக்குப் பின்னால் அமைதியான ஒரு ஆளை நிறுத்துங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது.

வசந்தி இப்போது கிளிவெட்டியில் ரீச்சர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பழைய பாட்டை அவளே வந்து பாட வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில், திரும்பவும் கூத்து என்றதும் பழக்கதோஷத்தில் பூமணி எடுத்து வைத்த பஞ்சு உருண்டை இரண்டு கிடந்தன. வசந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துக் குசினிக் குப்பைக்குள் போட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"முன்வரிசையில இருங்கோ அப்பா" என்றாள். "இந்த முறை கேளுங்கோ."